நிலாவில் ஆள் இறங்கிய மாதம்

நான் பிறந்த மாதத்தில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஒரு பேப்பரில் போட்டிருந்தார்கள்.

அப்போது ஆரணியில் ஒரு தறிக்காரர் வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். தார் என்பது சின்னக் குச்சி. பட்டு நூலை அதில் சுற்றிக் கொடுத்தால் அது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போய் சேலையில் குறுக்கு இழையாக ஓடும். வலது கையால் ராட்டையைச் சுற்ற வேண்டும். இடது கை விரலில் நூல் ஓடும். வாய்க்கு வேலை இல்லை. அந்த வீட்டு முதலாளியம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து படிப்பாள்.

"ஏண்டி, நீ எந்த மாசம் பொறந்தேன்னு சொன்ன?"

"நிலாவுல ஆள் எறங்கின மாசம்."

"அதான் போட்டுகிறான். அறுபத்தொம்போது ஜூலையாம். முப்பது வருஷம் ஆவுதாம்."

ஒரு பக்கம் முழுக்க அந்த மாதம்தான். நிலாவில் கால் வைத்தது. நம் ஊரில் பெரிய வங்கிகளை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. எங்கோ இரண்டு சின்ன நாடுகளுக்குள் கால்பந்தாட்டத்தில் சண்டை வந்து பீரங்கி வரைக்கும் போனது. அதற்குக் கீழே ஒரு கட்டம் கட்டி அந்த மாதம் பிறந்தவர்களைப் போட்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பாட்டுக்காரி ஒருத்தி. கிரிக்கெட் ஆடுகிறவர் ஒருவர். சினிமாக்காரர்கள் இரண்டு மூன்று பேர். எந்தத் தேதி, எந்த ஊர், அப்பா என்ன வேலை, எல்லாம் இருந்தது.

"உன் பேர மட்டும் வுட்டுட்டான்டி" என்று முதலாளியம்மா சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அந்தத் தாளைக் கேட்டேன்.

"எதுக்குடி உனக்கு?"

"பெட்டிக்குள்ள அடியில போட."

கொடுத்தாள். பெட்டிக்குள் அடியில்தான் போட்டேன். அன்றைக்குக் கோபம் வரவில்லை. பத்து வருஷம் கழித்து வந்தது.

நான் பிறந்ததைப் பற்றி அம்மா சொன்னதெல்லாம் அவ்வளவுதான். ஆடி முதல் வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். திங்கட்கிழமை நான் பிறந்தேன். அன்றைக்குத்தான் நிலாவில் ஆள் இறங்கினான். தெருவே அதைப் பேசிக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. இதைச் சொல்லும்போது அம்மா சிரிப்பாள். நான் எப்படி இருந்தேன், அழுதேனா, என்ன எடை, எதுவும் சொன்னதில்லை. நிலாவைச் சொல்வாள்.

எனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள். மூன்று வயதாகும் முன்னே காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது நான் அம்மா வயிற்றில் மூன்று மாதம். எங்கள் வீட்டில் முதல் பெண்ணுக்குக் குலதெய்வத்தின் பெயர் வைப்பார்கள். அந்தப் பெயர் வீட்டில் இல்லாமல் இருக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களுக்குக் கணக்கு. முதல் பெண் போய்விட்டால் அடுத்த பெண்ணுக்கு அதே பெயர். எனக்கும் அதையே வைத்தார்கள். இது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் அப்படி உண்டு. அதில் ஒரு கெடுதல் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம். என் கணவர் மார்புச் சளியில் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. நானும் மகளும் அம்மா வீட்டில் இருந்தோம். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தார் சுற்றுவது அடுத்தவர் வீட்டு மூலையில் உட்கார்ந்து செய்கிற வேலை. கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. முதலாளியம்மா நல்லவள்தான். ஆனாலும் அவள் வீட்டு விசேஷம் என்றால் எனக்கு வேலை இல்லை. அவள் வீட்டுத் துக்கம் என்றாலும் இல்லை.

அந்த மாதம் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்க உதவிக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். கணவர் இல்லாதவர்களுக்கு முதல் இடம். ஐந்தாவது படித்திருந்தால் போதும். நாற்பது வயது முடிந்திருக்கக்கூடாது. எனக்கு ஆடியில்தான் நாற்பது. யார் தயவும் இல்லாமல் காலையில் எழுந்து போய் வருகிற வேலை. எனக்கு என் வாழ்க்கையில் ஆசைப்பட்டது என்று அதிகம் இல்லை. அதற்கு ஆசைப்பட்டேன்.

பள்ளிக்கூடச் சீட்டு அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தது. அதோடு மடித்து ஒரு பிறப்புச் சீட்டும் இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். படிக்காமல்தான் கொண்டுபோனேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான். என் பெயர் இருந்தது. அது போதும் என்று இருந்துவிட்டேன்.

நகராட்சி ஆபீசில் மனு வாங்குகிற குமாஸ்தா விரல் விட்டு எண்ணினார்.

"உனக்கு நாப்பத்திரெண்டு ஆவுதேம்மா. வயசு தாண்டிப்போச்சு."

"முப்பத்தொம்போதுங்க."

"அறுபத்தாறு பங்குனின்னு போட்டுகீது. ரெண்டு சீட்டும் அதான் சொல்லுது."

"தப்புங்க. நான் நிலாவுல ஆள் எறங்கின மாசம் பொறந்தவ."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து மேஜையைப் பார்த்தார். "யோவ், கேட்டியா. இந்தம்மாவுக்கு நிலாவுல எறங்கினவன் வந்து சாட்சி கையெழுத்து போடுவானாம்."

"வரட்டும்யா. அப்படியே அவனுக்கும் ஒரு ரேஷன் கார்டு போட்டு குடுத்துடலாம்" என்றார் அவர்.

வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் அங்கேயே நின்றேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பிறப்புச் சீட்டு என்னுடையது இல்லை. அக்காவுடையது.

"அது எங்க அக்காது. அவ செத்துட்டாங்க. பேர் ஒன்னு."

"செத்த சீட்டு எங்க?"

"வாங்கலங்க."

"உன் பொறந்த சீட்டு?"

"அதுவும் இல்லங்க."

"அப்ப சாகல. அதுதான் நீ" என்றார். குரலில் கிண்டல் இல்லை. கணக்குப் போட்டுச் சொன்னார். "மாத்தணும்னா செய்யார்ல மேல் ஆபீஸ்ல எழுதி குடு. மொதல்ல அந்த பொண்ணு செத்தத பதியணும். அப்புறம் நீ பொறந்தத. உங்கம்மா உயிரோட கீறாங்க இல்ல? அவங்க வந்து சொல்லணும். ஜல்தியா பாரு, பங்குனியில ஆள் எடுத்துடுவாங்க."

வீட்டுக்குப் போனேன். அம்மா முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா செத்தத எழுதி வெக்கலியா?"

"அதெல்லாம் யாரு எழுதுனாங்க அப்போ?"

"அவ பொறந்தத மட்டும் எழுதியிருக்கு."

"அது உங்கப்பா ஆசையா எழுதினாரு. மொத கொழந்த."

"எனக்கு?"

"பேர் ஒன்னுதானே. சீட்டு எதுக்கு ரெண்டுன்னாரு."

என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சீட்டை வாங்கிப் பார்த்தாள். நோட்டில் ஏதோ கூட்டிக் கழித்தாள். பிறகு, "அம்மா, அப்ப உனக்குக் கல்யாணம் ஆனப்ப பதினஞ்சு வயசுதான்" என்றாள்.

ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தேன். அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது எனக்கு ஐந்து வயது. அக்காவின் சீட்டைக் காட்டினார். தலைமையாசிரியர் திட்டினார். "எட்டு வயசு வரைக்கும் இன்னாய்யா பண்ண? ஒல்லியா வேற கீது. பால் குடு." பால் கொடு என்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எதற்குச் சொன்னார் என்று தெரியாமல் இருந்தது. ஒன்றாவதில் மற்ற பிள்ளைகள் என்னைக் கிழவி என்றார்கள். அதுவும் ஏன் என்று தெரியாது. ஐந்தாவது முடித்ததும் நிறுத்தினார்கள். சீட்டில் பதிமூன்று, வயசுக்கு வருகிற நேரம், போதும் என்றார்கள். எனக்குப் பத்து. மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, பதினெட்டு முடிந்ததா என்று கேட்டார்கள். அப்பா சீட்டை எடுத்துக் காட்டினார்.

அப்பா பொய் சொல்லவில்லை. சீட்டைக் காட்டினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். பொய் சொல்லியிருந்தால் ஒரு நாளாவது உறுத்தியிருக்கும். அவர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. யாரிடம் போய்க் கேட்பது.

"பேர் ஒன்னா இருந்தா ஆள் ஒன்னா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

அம்மா முறத்தைத் தட்டினாள். "ஆளும் ஒன்னுதான். போனவதான் திரும்பி வந்தா. தெருவுல யார வேணா கேளு."

"செய்யாருக்கு வந்து ரெண்டு பேருன்னு சொல்லணும்."

அம்மா மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள். மாசி மாதம் பஸ் ஏற்றினேன். ஏறினாள்.

செய்யாரில் அன்று ஷிப்ட் மாறுகிற நேரம். ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. என் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பெண்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். அட்டையில் படம், பெயர், நம்பர். அம்மா அவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நான் அட்டையைப் பார்த்தேன்.

அதிகாரி மரியாதையானவர். நான் கொண்டுபோன பேப்பரை விரித்துப் படித்தார். பத்து வருஷமாகப் பெட்டிக்குள் அடியில் இருந்ததால் மடிப்பு கிழிந்திருந்தது. பாட்டுக்காரியின் படம் பாதி போயிருந்தது.

"இது நிலாவுக்கு சாட்சிம்மா. உனக்கு சாட்சி யாரு?"

அம்மாவைக் காட்டினேன்.

"உங்களுக்கு எத்தன பொண்ணும்மா?"

"ஒன்னு."

"பொறந்தது எத்தன?"

"ஒன்னுதான் சார். பேர் ஒன்னுதான்."

"அம்மா, நல்லா யோசிச்சு சொல்லுங்க. ஒரு கொழந்த எறந்துபோச்சா?"

அம்மா என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "இதோ நிக்குதே சார்."

அவர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "அவங்க மனசு வந்தா கூட்டிகினு வா" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். ஆரணி வந்ததும் முன்னால் இறங்கி நடந்தேன். அம்மா பின்னால் மூட்டு வலியோடு வந்தாள். நான் நிற்கவில்லை. வீட்டுக்குப் போய் அக்காவின் சீட்டை அம்மா சாப்பிடுகிற தட்டில் வைத்தேன்.

"உன் பொண்ணு இதோ. சோறு ஆக்கி போட சொல்லு."

என் மகள்தான் அந்தச் சீட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

மறுநாள் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். "அது செத்தவ பேரு. எனக்கு வேற பேர் இருந்தா கூப்பிடு" என்றேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பெயரைச் சொல்லி எத்தனை தடவை கூப்பிட்டாலும் நான் பேசவில்லை. சோறு ஆக்கினேன், தண்ணீர் பிடித்தேன், அவள் காலுக்குத் தைலம் தேய்த்தேன். பேசவில்லை. என் மகள் நடுவில் நின்று, ஆயா இது சொல்லுது, அம்மா அது சொல்லுது என்று சொல்லிச் சலித்துப்போனாள். "உங்களோட ஒரே பேஜாரா கீது" என்றாள்.

அம்மா வேறு விதமாகவும் கூப்பிட்டுப் பார்த்தாள். ஏ என்றாள். இந்தா என்றாள். அதற்கும் நான் நிற்கவில்லை. நான் செய்தது சரி என்று சொல்லமாட்டேன். எழுபது வயதுக்காரி. ஆனால் நாற்பது வருஷம் ஒருத்தியை இன்னொருத்தியாகப் பார்த்தது சரியா. அதை யார் கேட்டார்கள்.

பங்குனி போனது. பள்ளிக்கூட வேலைக்கு அடுத்த தெருப் பெண்ணை எடுத்தார்கள். அவளுக்கும் கணவர் இல்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சாம்பார் வாசனை எங்கள் வீடு வரைக்கும் வரும். அந்த நேரத்தில் கதவைச் சாத்தி வைப்பேன்.

சித்திரையில் ஒரு காலை. நான் முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே இருந்து கூப்பிட்டாள்.

"ஏ சின்னவளே."

கை நின்றுவிட்டது. அந்த வீட்டில் யாரையும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சின்னவள் என்றால் பெரியவள் ஒருத்தி இருந்திருக்க வேண்டும்.

"சின்னவளே, செய்யாருக்கு பஸ் எத்தினி மணிக்கு?"

"பத்து மணிக்கு" என்றேன்.

வேலை போய்விட்டது என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அடுத்த தடவை எடுப்பார்கள் என்று ஒரு நினைப்பு இருந்தது. அது மட்டும் இல்லை. எனக்கு அந்தச் சீட்டு வேண்டும்.

அதே அதிகாரி. அம்மாவை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"ரெண்டு பேரு சார். பெரியவ தை மாசம் காச்சல்ல போயிட்டா. வைத்தியருகிட்ட எடுத்துகினு போற வழியிலயே போயிட்டா. இவ சின்னவ."

"இவங்க பொறந்த நாள் எப்படித் தெரியும்?"

"வெள்ளிக்கெழம கூழ் ஊத்தினாங்க. திங்கக்கெழம காலைல வலி. தெருவுல ஒரே வூட்லதான் ரேடியோ. எல்லாரும் அங்க. மருத்துவச்சியே என்ன பாதில வுட்டுட்டு போயி கேட்டுகினு வந்தா. நிலாவுல ஆள் எறங்கிட்டான்னு வந்து சொன்னா. அப்புறம்தான் இவ பொறந்தா. பொண்ணுன்னு சொன்னா." அம்மா மூச்சு வாங்கினாள். "நான் மூஞ்ச பாத்தேன் சார். அவ இல்ல. வேற மூஞ்சி. அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் அந்தப் பேர வெச்சேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினேன். மூணு நாள் இவள எடுக்கல."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது மெதுவாகச் சுற்றியது.

"போதும்மா. இங்க கைநாட்டு வெய்ங்க" என்றார்.

பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். அம்மா ஜன்னல் பக்கம். கட்டை விரலில் மை இருந்தது. அவள் அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். போகவில்லை. மூன்று நாள் என்னை யார் எடுத்தார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. மருத்துவச்சியாக இருக்கும். அவளாவது ரேடியோ கேட்டு முடித்தபிறகு வந்திருப்பாள்.

இரண்டு சீட்டும் ஆடி மாதம் கைக்கு வந்தன. அந்த வாரம்தான் நாற்பது வருஷம் ஆனது என்று பேப்பரில் மறுபடி போட்டிருந்தார்கள். முதலாளியம்மா என் எதிரில் விரித்து வைத்தாள். அதே நிலா, அதே வங்கி, அதே கால்பந்துச் சண்டை. அதே பாட்டுக்காரி. வயது ஏறியிருந்தாலும் படத்தில் பளபளப்பாக இருந்தாள்.

"இந்த வாட்டியும் உன்ன வுட்டுட்டான்டி."

"இப்ப சேத்துக்க சொல்லுங்க. சீட்டு வந்துடுச்சு" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ராட்டையைச் சுற்றினேன். நூல் அறுந்தது. எனக்கு நூல் அறுவது குறைவு. அன்று நாலு தடவை அறுந்தது.

மறுநாள் குமாஸ்தாவிடம் போனேன். சீட்டைக் காட்டினேன். அடுத்து எப்போது ஆள் எடுப்பார்கள் என்று கேட்டேன். அவர் தேதியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணவேண்டிய வேலை இல்லை.

"நாப்பது முடிஞ்சிடுச்சேம்மா. போன வாரம்தான்."

இந்தத் தடவை அவர் பக்கத்து மேஜையைப் பார்க்கவில்லை. "சீட்ட பத்திரமா வெச்சிக்க" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

செத்தவளின் வயதை வைத்து என் படிப்பை நிறுத்தினார்கள், என்னைக் கட்டிக் கொடுத்தார்கள், வேலை இல்லை என்றார்கள். என் சொந்த வயது என் கைக்கு வந்தபோது அதுவும் தாண்டியிருந்தது. இதில் ஒருவரையும் குற்றம் சொல்ல முடியாது என்று என் மகள் சொல்கிறாள். அவள் படித்தவள். என்னால் எல்லோரையும் சொல்ல முடியும்.

வீட்டுக்கு வந்து இரண்டு சீட்டையும் பாயில் வைத்தேன். ஒன்று அக்கா செத்தது. ஒன்று நான் பிறந்தது. இரண்டிலும் ஒரே பெயர். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"பெரியவளுது எது?"

எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவினாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் நின்றேன். என்னுடையதைக் கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

என் சீட்டை மடித்தேன். அந்த மாதம் பிறந்தவர்கள் இருக்கிற பழைய பேப்பர் பெட்டிக்குள் அடியில் இருந்தது. சீட்டை அதன் மேல் போட்டுப் பெட்டியை மூடிவிட்டுத் தார் சுற்றப் போனேன்.